அமாவாசைக் காந்தம்

மகனே,

உன் கல்யாணப் பத்திரிகையில்கூட என் பெயரை இவ்வளவு பெரிய எழுத்தில் போடவில்லை. போன வெள்ளிக்கிழமை தபாலில் வந்த அழைப்பிதழை உன் அம்மா மஞ்சள் தடவிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தாள். கடையிலிருந்து சாப்பிட வந்த நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எடுத்துப் படித்தேன். காந்த அலைச் சிகிச்சை நிலையத் திறப்பு விழா. மூட்டுவலி, முதுகுவலி, கைகால் மரத்துப் போதல், ஆறாத புண், சேராத எலும்பு, அத்தனைக்கும் குறைந்த அதிர்வெண் காந்தப்புலத்தால் வலியில்லாத சிகிச்சை. அதற்குக் கீழே, தலைமை தாங்குபவர் என்று என் பெயர். காஞ்சிபுரத்தில் அந்தக் காலத்திலேயே காந்தக் கருவியைத் தம் கையால் செய்த அனுபவசாலி என்று ஒரு பட்டம் வேறு. யாரைக் கேட்டுப் போட்டாய்? எரிந்துபோன பம்புசெட் மோட்டாரை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வரும் கூரத்து விவசாயியிடம்கூட, பிரிக்கட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் நான் ஸ்க்ரூவில் கை வைப்பேன். பெற்ற அப்பனின் பெயரை அச்சில் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு கார்டு போட்டுக் கேட்க உனக்குத் தோன்றவில்லை.

அது வெறும் கோபம்தான். அழைப்பிதழோடு நீ வைத்திருந்த கடிதத்தைப் படித்தபோதுதான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஏகாம்பரம் மாமாவின் இன்னொரு காலும் மரத்துப் போகிறது என்று அம்மா உனக்கு எழுதிவிட்டாளாம். அதனால் திறப்பு விழாவன்று மாமாதான் முதல் நோயாளியாம். அவர் பாதத்தில்தான் நீ முதல் காந்தத்தை வைக்கப் போகிறாயாம். போட்டோக்காரருக்கும் சொல்லியாகிவிட்டதாம். நான் அந்தக் கடிதத்தை மடிப்பதற்குள் மாமாவே கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். உன் அம்மா காலையிலேயே தம்பி வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டிவிட்டாள். "நம்ம புள்ள கூப்புடுறான் மச்சான், போகாம இருந்தா நல்லாவா இருக்கும்? பஸ்ல ஏத்தி உட்டுட்டீங்கன்னா போதும். ஒத்தைக் காலு தானே, எடமும் கம்மியாத்தான் புடிக்கும்" என்று சிரித்தார். வேட்டியை வெளுக்கப் போட்டிருக்கிறாராம். சாப்பிடாமலே கடைக்குத் திரும்பினேன். ஆறு நாளாக இந்தக் கடிதத்தை மனதுக்குள் எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்குக் கடையைத் திறக்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மாமாவுக்கு முதல் கால் போன கதை உனக்குத் தெரியும் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். சர்க்கரை வியாதி, வாயைக் கட்டவில்லை, புண் வந்தது, அழுகியது, எடுத்துவிட்டார்கள். நீ அப்போது மெட்ராசில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். உனக்கு அப்படி எழுதியவன் நான். அது பொய். சும்மா பொய்யாக இருந்தால் என்றைக்கோ சாயம் போயிருக்கும். முக்கால் பங்கு உண்மையைக் கலந்து சொன்ன பொய், அதனால் ஒன்பது வருஷமாக நின்றுவிட்டது. மீதிக் கால் பங்கை இன்றைக்குச் சொல்கிறேன். உட்கார்ந்து படி.

காந்த வைத்தியம் பண்ணுகிறேன் என்று நம் ஊருக்கு வந்த அந்தக் காந்தக்காரர் முதன்முதலில் என் மோட்டார் கடைக்கு வந்தபோது கையில் ஒரு லாடக் காந்தமும் ஒரு தடித்த புத்தகமும் வைத்திருந்தார். மடிப்புக் கலையாத சட்டை, நல்ல பேச்சு. எல்லாரும் டாக்டர் என்றார்கள். எதில் டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வெறும் காந்தத்துக்கு வீரியம் போதவில்லை, கரண்டில் வேலை செய்யும் காந்தம் வேண்டும் என்றார். "கரண்டு ஒரு செகண்டுக்கு அம்பது தரம் போய்ப் போய் வருது இல்லப்பா, அதுக்கூடவே காந்தமும் போய் வரும். ரத்தத்துல இரும்பு இருக்குது. அதை மெதுவா ஆட்டி உட்டுக்கினே இருந்தா அடைப்பு தானா தொறந்துக்கும்" என்றார். இப்போது நீ அச்சடித்திருக்கிறாயே, குறைந்த அதிர்வெண் என்று, அதையேதான் அவர் பேச்சுத் தமிழில் சொன்னார். ரத்தத்தில் இருக்கும் இரும்பு ஆணியில் இருக்கும் இரும்பைப் போலக் காந்தத்துக்கு ஓடி வராது என்று பிற்பாடு ஒருவர் எனக்கு விளக்கினார். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படிக்காத மோட்டார்காரனைத் தேடி ஒரு டாக்டர் வந்து நாற்காலியில் உட்கார்ந்து யோசனை கேட்கிறார். அந்த மயக்கம்.

பழைய டிரான்ஸ்பார்மரில் இருந்து தகடுகளைப் பிரித்தெடுத்து, மரத்தில் அச்சுக்கட்டை செதுக்கி, அதன்மேல் செம்புக் கம்பியைச் சுற்றி, நாடா கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து, தேக்குப் பெட்டிக்குள் பொருத்திக் கொடுத்தேன். மேலே ஒரு ரெக்சின் மெத்தை. அதில் காலை வைத்தால் போதும். சுவிட்சைப் போட்டதும் பெட்டி வண்டு மாதிரி ரீங்காரம் பண்ணியது. தையல் ஊசி ஒன்றை மேலே வைத்தேன், அது எழுந்து நின்று துடித்தது. பிள்ளையார்பாளையத்துப் பஜனை மடத்தில் அதைச் செய்து காட்டியபோது பெரிய பெரிய தறிக்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அதுவரைக்கும் மோட்டார்காரனாக இருந்தவன் அன்றிலிருந்து காந்தம் செஞ்சவர் ஆகிவிட்டேன். தெருவில் போனால் எழுந்து நின்றார்கள். இப்போது நீ எனக்குக் கொடுத்திருக்கிற பட்டம் புதிதில்லை, அன்றைக்கே வாங்கிக் கெட்டவன் நான்.

ஜனங்கள் ஏன் போனார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நம் ஊர்க்காரர்கள் எல்லாம் மடையர்கள் என்று நீ நினைப்பாய். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை மிதிக்கட்டையை மிதிக்கிறவனுக்கு இடுப்பும் முழங்காலும் என்ன கதியாகும் என்று உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் அரை நாள் வரிசையில் நின்றால், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு சீட்டு எழுதி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். காந்தக்காரர் அப்படியில்லை. காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, எந்த மிதியில் வலி தொடங்குகிறது என்று கேட்டார். காலைத் தொட்டுக் கேட்கிறவனிடம்தானே மனுஷன் போவான். அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள்மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான். நிமிர்ந்து பார்த்திருந்தால் பாதிப் பேர் அந்தப் பெட்டியின் பக்கம் வந்திருக்கவே மாட்டார்கள்.

இனிமேல்தான் கூத்து. தறி ஓடுகிற நாளில் எவன் வருவான்? பாவு நூல் தறியில் ஏறியிருக்கும்போது அரை நாள் எழுந்து போனால் முதலாளிக்கு யார் பதில் சொல்வது? நெசவாளிக்கு மாதத்தில் நிச்சயமான ஓய்வு அமாவாசைதான். அன்றைக்குத் தறி தொட மாட்டார்கள். அதனால் காந்தக்காரரும் அமாவாசைக்கு அமாவாசை வந்தார். அவ்வளவுதான் விஷயம், ஓய்வு நாள் என்பதால் வந்தார். மூன்றாவது மாதம் ஒருவர் அவசரத்துக்கு, இரண்டு அமாவாசைக்கு நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை, காந்தக்காரரைத் தேடிப் போய்க் காந்தம் வைத்துக்கொண்டார், வலி குறையவில்லை. உடனே தெருவே முடிவு கட்டிவிட்டது. "அமாவாசை அன்னிக்குத்தான்பா காந்தம் ஏறும். நெலா இருந்தா அது இழுத்துக்கும்." தறி நிறுத்துகிற நாள் என்று தெரிந்த அதே ஜனங்கள்தான் சொன்னார்கள். தங்கள் வீட்டு ஓய்வு நாளைத் தாங்களே வைத்திய சாஸ்திரம் ஆக்கினார்கள். காந்தக்காரர் மறுக்கவில்லை. அடுத்த மாதமே தலையை ஆட்டிக்கொண்டு, "ஆமா, ரெண்டு அமாவாசைக்கு நடுவுல வேற மருந்து எதையும் சேக்காதீங்க, ஏறினது எறங்கிடும்" என்று தானும் ஒரு முடிச்சுப் போட்டார். நான் பக்கத்தில் நின்றேன். கரண்டுக்கு ஏது அமாவாசை, பௌர்ணமி? மோட்டார் கடை வைத்திருக்கிற எனக்குத் தெரியாதா? சிரித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

இன்னொரு விஷயத்தில் நான் சும்மாகூட இருக்கவில்லை. முதலில் நான் கட்டிக் கொடுத்த சுருள் சூடாகாது. சூடாகிற மோட்டாரைக் கட்டிக் கொடுத்தால் வாலாஜாபாத்து விவசாயி என் கடை வாசலில் நின்று வம்சத்தையே திட்டுவான். சூடு என்றால் வேலை சரியில்லை என்று அர்த்தம், அது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. ஆனால் ஜனங்கள் காலை வைத்துவிட்டு, "ஒண்ணுமே தெரியலியே" என்றார்கள். காந்தக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். "கொஞ்சம் கணகணன்னு இருந்தாத்தான்பா நம்புவாங்க. உன்னால முடியாதா?" என்றார். முடியாதா என்று கேட்டால் எனக்குப் பொறுக்காது, உனக்கும் அந்தக் குணம்தான். கம்பிச் சுற்றைக் குறைத்தால் கரண்டை அதிகமாக இழுக்கும், செம்பு சூடேறும். குறைத்தேன். அது காந்தத்தின் வேலை இல்லை, என் திருட்டு வேலை. அடுத்த அமாவாசையில், காந்தம் நல்லா ஏறுது என்று பஜனை மடமே கொண்டாடியது.

ஏகாம்பரம் அதுவரைக்கும் அந்தப் பக்கம் போகவில்லை. அவருக்கு இடது பாதம் ஒரு வருஷமாக மரத்துக்கொண்டிருந்தது. மிதிக்கட்டையில் கால் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்த்து மிதிப்பார். சர்க்கரை என்று ஆஸ்பத்திரியில் சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார்கள். காந்தத்துக்கு வந்தது ஏன் தெரியுமா? "டாக்டரை எனக்குத் தெரியாது. மெஷினு எங்க மச்சான் செஞ்சது" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். டாக்டரை நம்பவில்லை, என்னை நம்பினார். இந்த வரியை இரண்டு தரம் படி. உன் அழைப்பிதழில் என் பெயர் ஏன் இருக்கக் கூடாது என்பதற்கு இதற்குமேல் எனக்கு விளக்கத் தெரியாது.

அன்றைக்கு அவர் பாதத்தை மெத்தையில் வைத்தபோது நான் பத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். மற்றவர்கள் ஐந்து நிமிஷத்துக்குள், போதும் போதும் என்று காலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர் எடுக்கவில்லை. கால் மணி நேரம் ஆயிற்று. "எப்பிடி இருக்குது ஏகாம்பரம்?" என்றேன். முகம் வாடிப் போயிருந்தது. "எல்லாருக்கும் சூடு தெரியுதாம் மச்சான். எனக்கு ஒண்ணும் தெரியல. என் காலுக்கு மட்டும் ஏற மாட்டேங்குது. இன்னும் கொஞ்ச நேரம் வெக்கச் சொல்லுங்க." நான் மெத்தையின் ஓரத்தில் என் கையை வைத்துப் பார்த்தேன். பத்து எண்ணுவதற்குள் கையை எடுத்துவிட்டேன். மகனே, எடுத்துவிட்டேன். எடுத்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, காந்தக்காரரைப் பார்த்தேன். சுற்றி அறுபது எழுபது பேர். நான் செய்த பெட்டியை நானே குறை சொல்வதா என்று ஒரு எண்ணம். ஒருவேளை நம்மைப் போல் இல்லாமல் வியாதிக்காரன் உடம்பு இதைத் தாங்குமோ என்று இன்னொரு எண்ணம், அது என் கோழைத்தனத்துக்கு நானே போட்ட போர்வை. "இன்னும் கொஞ்சம் வெய்யுங்க" என்று சொன்னது என் வாய்தான்.

எட்டாம் நாள் அவர் வீட்டுக்கு ஏதோ வேலையாகப் போனேன். தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு நெய்துகொண்டிருந்தார். பாதத்தில் துணி சுற்றியிருந்தது. என்ன என்றேன். "கொப்புளம். உள்ள இருக்குற கெட்ட நீரைக் காந்தம் வெளிய இழுக்குதாம், டாக்டரு சொன்னாரு. அடுத்த அமாவாசைக்கு இன்னொரு தரம் வெச்சா காஞ்சிடுமாம்" என்று பெருமையாக அவிழ்த்துக் காட்டினார். பாதத்தின் அடியில் தோல் வெந்து வழன்று கிடந்தது. நீள்சதுரம். நாலு மூலையும் கொஞ்சம் மழுங்கல். அந்த மழுங்கல் என் உளி போட்ட மழுங்கல், என் அச்சுக்கட்டையின் அளவு அது. எத்தனை அங்குலம் என்று அளக்காமலே சொல்லியிருப்பேன். அந்த நிமிஷம் அவரைத் தூக்கி ரிக்‌ஷாவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், இது சூட்டுக் காயம், நான் கட்டிய சுருளால் வந்தது என்று சொல்லியிருந்தால் அந்தக் கால் இன்றைக்கு அவருக்கு இருந்திருக்கலாம். நான் சொன்னது, "பத்திரமாப் பாத்துக்க". வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், ஏகாம்பரம் வாயைக் கட்ட மாட்டேங்கிறான், சர்க்கரைப் புண் வந்துவிட்டது என்றேன்.

அவர் அமாவாசைக்காகக் காத்திருந்தார். வேறு மருந்து போடாமல், ஆஸ்பத்திரி மாத்திரையையும் நிறுத்திவிட்டு, நிலா வளர்ந்து தேயத் தேய நாளை எண்ணிக்கொண்டு காத்திருந்தார். வலித்திருந்தால் ஓடியிருப்பார். வலிக்கவில்லை. அமாவாசைக்கு நாலு நாள் இருக்கும்போது ஜுரம் வந்து விழுந்தார். வீட்டுக்குள் நுழைய முடியாத நாற்றம். மெட்ராசுக்குக் கொண்டுபோனோம், முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஒற்றைக் காலை வைத்துக்கொண்டு குழித்தறியில் என்ன செய்ய முடியும்? இரண்டு மிதியையும் மாற்றி மாற்றி மிதித்தால்தானே ஊடை நூல் விழும். கொடி போட்ட கரையிலும், கரையைப் புடவை உடலோடு சேர்க்கும் கோர்வையிலும் அவர் கையில் இருந்த சுத்தம் வேறு எவருக்கும் இல்லை என்று முதலாளிகளே சொல்வார்கள். அவர் இன்றைக்கு ஊரார் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. ஒன்பது வருஷமாக எந்த விசேஷத்துக்குப் போனாலும் இலையில் இனிப்பு விழுந்தால் ஏகாம்பரத்தைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். "கால் போயும் புத்தி வரலியா?" என்பாள் அவர் பெண்டாட்டி. உன் அம்மா சொல்லாததா? நானும் சொல்லியிருக்கிறேன். உன் கல்யாணப் பந்தியில் அவர் ஒரு ஜாங்கிரியைக் கிள்ளி வாயில் போட்டபோது நீயே, "மாமா, இன்னொரு காலும் வேணும் இல்ல?" என்று கேட்டாய், நினைவிருக்கிறதா? பந்தியே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு மீதியை ஓரமாக வைத்துவிட்டார். தன் வாய்தான் தன் காலைத் தின்றது என்று அந்த மனுஷன் நம்பிக்கொண்டிருக்கிறார். நம்ப வைத்தவன் நான்.

காந்தக்காரரை நான் என்ன செய்தேன் என்று கேட்பாய். ஒன்றும் செய்யவில்லை. பெட்டி கர்ரென்கிறது என்று சொல்லி ஒரு நாள் கடைக்கு வாங்கி வந்து, சுற்றைப் பழையபடி கூட்டிக் கட்டிக் கொடுத்துவிட்டேன். சூடு போயிற்று. ஜனங்கள், "பவர் போயிடுச்சு" என்றார்கள். இரண்டு அமாவாசையில் கூட்டம் கலைந்தது, அவர் வேறு ஊர் பார்த்துப் போனார். அங்கே எவன் சுற்றிக் கொடுத்தானோ தெரியாது. இதுதான் நான் காட்டிய வீரம். வாயைத் திறக்காமல், ராத்திரித் திருடன் மாதிரி பகலிலேயே செய்த வீரம்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். உன் கருவியில் சூடே வராது, டிரான்சிஸ்டர் வைத்துச் செய்தது, துடிப்பு இன்னும் மெதுவானது, வெளிநாட்டில் சேராத எலும்புக்குப் பெரிய டாக்டர்களே இதை வைத்துப் பார்க்கிறார்கள் என்று நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். இருக்கலாம். காந்தத்தின்மேல் எனக்கு என்ன விரோதம், ஆயுசு முழுக்க எனக்குச் சோறு போட்டதே அதுதான். ஆனால் அவர்கள் எக்ஸ்ரே படம் எடுத்து, எந்த எலும்பு, எங்கே முறிந்தது, எத்தனை நாளாய்ச் சேரவில்லை என்று பார்த்துவிட்டுத்தானே வைக்கிறார்கள்? சேராவிட்டால் சேரவில்லை என்று சொல்ல அவர்களுக்கு வாய் இருக்கிறது அல்லவா? நீ எலும்பை மட்டும் வைத்துக்கொண்டு, மரத்துப் போன காலையும் ஆறாத புண்ணையும் அதன் பின்னாலேயே வரிசையில் நிறுத்திவிட்டாயே, அதை எந்த டாக்டர் உனக்குச் சொல்லிக் கொடுத்தார்? மாமாவின் காலைத் தின்றது சூடு மட்டும் இல்லை. பாதி சூடு, பாதி காத்திருந்தது. உன் கருவி சூடாகாது, சரி. காத்திருக்க வைக்காதா? பத்துத் தடவை வாருங்கள் என்று நீ சொன்னால் அந்தப் பத்து நாளில் புண் உனக்காக நிற்குமா? எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் நீ. ஒரு பாதத்தைப் பார்த்து, இது என் கைக்கு மீறியது என்று சொல்ல உனக்கு எங்கே கற்றுக் கொடுத்தார்கள்? எனக்கும் கற்றுக் கொடுக்கவில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

திங்கட்கிழமை நான் மாமாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். இந்த முறை வரிசையில் நின்று, நிமிர்ந்து பார்க்காமல் எழுத வந்த டாக்டரின் சீட்டின்மேல் கையை வைத்து, காலைப் பாருங்கள், பார்த்துவிட்டு எழுதுங்கள் என்றேன். சின்ன வயசுக்காரர், கோபப்படவில்லை. மாமாவைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் திரித்து அந்த வலது பாதத்தில் அங்கங்கே தொட்டார். தொடும்போதெல்லாம் சொல்லுங்கள் என்றார். ஐந்து இடம் தொட்டுவிட்டார். மாமா கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் ஆரம்பிக்கலியா சார்?" என்று கேட்டார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். புண் இல்லை, விரலுக்கு நடுவில் ஒரு வெடிப்பு மட்டும்தான், தினமும் கழுவிக் காலைக் கண்ணால் பாருங்கள், சூடு எதையும் வைக்காதீர்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்றார். இவ்வளவு சொல்ல அவருக்குப் பிடித்தது கால் மணி நேரம்.

திரும்பி வரும்போது ரிக்‌ஷாவை நிறுத்தி, ஒரு வேப்பமரத்தடியில் அவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றைக் குறைத்தது, என் கையைப் பத்து எண்ணுவதற்குள் எடுத்தது, நாலு மூலை மழுங்கல், சர்க்கரை என்று சொன்னது, எல்லாம். அவர் கட்டையைத் தரையில் வைத்துவிட்டார். கால் போனதைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. "அப்போ நான் தின்னதால இல்லியா மச்சான்?" என்றார். இல்லை என்றேன். "ஒம்போது வருசமா, உங்க புள்ள கல்யாணத்துல கிள்ளுன ஜாங்கிரி தவுர, பொங்கலுக்குக்கூட ஒரு வாய் வெல்லம் தொடல. எம் பொண்டாட்டி எம் மூஞ்சிக்கு நேரா கேட்டா, புள்ளைங்க கேட்டுதுங்க. நானும் ஆமா, நான் தின்னு கெட்டவன்னு தலையைக் குனிஞ்சிக்கினு இருந்தேன். நீங்க அதே பந்தியில பக்கத்துல உக்காந்து சாப்ட்டுக்கினு இருந்தீங்க." குரலை உயர்த்தவில்லை. கட்டையை எடுத்து ஊன்றி எழுந்து நின்றார். தாங்கப் போன என் கையைத் தள்ளிவிட்டார். "நீங்க நடந்து வாங்க" என்று சொல்லிவிட்டு ரிக்‌ஷாவில் தனியாகப் போய்விட்டார். நான் நடந்துதான் வந்தேன். அன்றிலிருந்து அவர் நம் வீட்டுக்கு வரவில்லை, விஷயம் தெரிந்துபோன உன் அம்மா எனக்குச் சோறு போடுகிறாள், பேசவில்லை. இரண்டும் எனக்கு வேண்டியதுதான்.

ஆகவே மாமா உன் திறப்பு விழாவுக்கு வர மாட்டார். நான் வருவேன். ஆனால் நீ போட்டிருக்கிற தலைமை நாற்காலிக்கு வரவில்லை. நாள் குறித்து, பந்தல்காரனுக்குச் சொல்லியாகிவிட்டது, உன் மாமனார் வீட்டார் வருகிறார்கள், இனிமேல் நிறுத்த முடியாது என்று நீ பதில் எழுதுவாய், எனக்குத் தெரியும், என் மகன் தானே நீ. நிறுத்த முடியாவிட்டால் திற. நான் காலையிலேயே முதல் பஸ்ஸுக்கு வந்து, உன் வாசற்படியில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். கையில் கொஞ்சம் பஞ்சு வைத்திருப்பேன். உள்ளே போக வருகிற ஒவ்வொருவரையும் செருப்பைக் கழற்றவும் கண்ணை மூடவும் சொல்லிக் காலைத் தொடுவேன். தெரியுதா என்று கேட்பேன். தெரியவில்லை என்கிறவரை உள்ளே விட மாட்டேன், ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேன். ஏன் தடுக்கிறீர்கள், நீங்கள் யார் என்று கேட்பார்கள். காந்தம் செய்தவன், அதனால் ஒருவர் கால் போயிற்று, அவர் என் மைத்துனர் என்று சொல்வேன். உன் மாமனார் காதில் விழும்படியே சொல்வேன். உனக்கு அவமானமாக இருந்தால் போலீசைக் கூப்பிட்டு என்னை எழுப்பிவிடு. இல்லாவிட்டால் வெளியே வந்து என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அடுத்தவர் காலை நீ தொடு.